கடவுளுக்கு மனஸ்தாபம் வருமா?

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணி என்றால் குடும்ப ஜெபம். பாளையங்கோட்டையில் தாத்தா வீட்டு முன்னறையில் பாய் விரித்து எல்லாரும் உட்கார வேண்டும். தாத்தா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனம். ஆதியாகமத்தில் தொடங்கினால் வெளிப்படுத்தின விசேஷத்தில் முடிந்து, மறுநாளே திரும்ப ஆதியாகமம். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது இருக்கும்போது ஒரு நாள் ஆதியாகமம் ஆறாம் அதிகாரம் வந்தது. ஆறாவது வசனம் என் முறை. மனிதர்களை உண்டாக்கியதை நினைத்துக் கடவுள் உள்ளம் நொந்தார் என்று சொல்லும் இடம் அது. அதிலிருந்த ‘மனஸ்தாபம்’ என்ற சொல்லில் என் வாய் தடுக்கியது.

எப்படியோ வாசித்து முடித்துவிட்டுக் கேட்டேன்: “தாத்தா, தப்பே பண்ணாதவரு எதுக்கு வருத்தப்படணும்?”

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். தாத்தா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். “அடுத்த வசனம் யாரு?” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது.

கேள்வியைக் கொஞ்சம் கூராக்கிப் பார்க்கலாம். வருத்தப்படுகிறவன் யார்? செய்த காரியம் தவறாகப் போனவன். ‘இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்கவே மாட்டேன்’ என்று சொல்கிறவன். கடவுளோ எல்லாம் தெரிந்தவர், குறையே இல்லாதவர். பின்னால் வருவது தெரியாமல் மனிதர்களைப் படைத்தார் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்பது அடிபடுகிறது. தெரிந்தேதான் படைத்தார் என்றால் பிறகு வருந்துவதற்கு என்ன இருக்கிறது?

முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோ என்ற யூத அறிஞர் இந்த வசனம் வரும் பகுதியோடு மல்லுக்கட்டி ஒரு நூலே எழுதினார். கடவுள் மாறாதவர் என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். மாறாதவர் மனம் மாறினார் என்று நினைப்பதைவிடப் பெரிய அவபக்தி கிடையாது என்பது அவர் கட்சி. அவருக்கு முன்பே, எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களும் இந்த இடத்தில் தயங்கியிருக்கிறார்கள். கடவுள் வருந்தினார் என்று போடாமல், யோசித்துப் பார்த்தார் என்கிற மாதிரி மெதுவாக்கிவிட்டார்கள்.

பிலோவின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவரைச் சுற்றியிருந்த கிரேக்கக் கதைகளில் தெய்வங்கள் பொறாமைப்பட்டன, முறுக்கிக்கொண்டன, இன்றைக்கு ஒரு ஊருக்கும் நாளைக்கு அதன் எதிரிக்கும் துணை நின்றன. அப்படிப்பட்ட ஒருவரை நம்பி எவன் நிம்மதியாகத் தூங்க முடியும்? நிறைவாக இருக்கிற ஒன்று மாறினால் அது கீழேதான் போயாக வேண்டும் என்று பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் ஏற்கெனவே வாதிட்டிருந்தார். அரிஸ்டாட்டிலின் கடவுள் தன்னையே சிந்தித்துக்கொண்டிருப்பவர். எல்லாவற்றையும் அசைப்பார், அவரை எதுவும் அசைக்காது. நிறைவு என்றால் அசையாமை என்ற எண்ணம் அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. பிலோவுக்குப் பிறகு அகஸ்தீன், 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், 16ஆம் நூற்றாண்டில் கால்வின் என்று பெரிய பெரிய ஆட்கள் ஏறக்குறைய இதே வழியில் நடந்தார்கள். மனம் மாறுவது வேறு, ஒன்று மாற வேண்டும் என்று மாறாத மனதோடு விரும்புவது வேறு என்று அக்குவினாஸ் நுணுக்கமாகப் பிரிப்பார். பிள்ளையிடம் மழலையில் பேசும் தாதியைப் போலக் கடவுள் நமக்காகத் தாழ்ந்து பேசுகிறார் என்பார் கால்வின். ‘வருந்தினார்’ என்பது அந்த மழலையில் ஒரு சொல்.

கால்வினின் உவமை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒன்று இடிக்கிறது. தாதி மழலையில் பேசும்போதுகூட, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லமாட்டாள். ‘வலிக்குது’ என்று கடவுள் மழலையில் சொன்னார் என்றால், பெரியவர்கள் பேச்சில் அதற்கு ஒரு பெயர் இருக்கத்தானே வேண்டும்?

மனஸ்தாபம் என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மனஸ், தாபம்: மனதில் ஏறும் சூடு. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மனம் நொந்து வேதனைப்படுவது என்ற பொருளில் போட்டார்கள். ஆனால் இன்றைக்கு எங்கள் தெருவில் இந்தச் சொல் எப்போது வரும்? ‘அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம், ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல.’ ‘சம்பந்தி வீட்டோட ஒரு சின்ன மனஸ்தாபம்.’ மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்த கடைக்காரனோடு யாருக்கும் மனஸ்தாபம் வராது. அவனோடு வருவது சண்டை. பஸ்ஸில் காலை மிதித்தவனோடு வருவது கோபம். மனஸ்தாபம் வர வேண்டுமானால் முதலில் உறவு இருக்க வேண்டும். உறவு அறுந்துபோயிருந்தாலும் மனஸ்தாபம் வராது. இன்னும் இழுத்துக்கொண்டு கிடந்தால்தான் வரும்.

எபிரேயத்தில் அந்த இடத்தில் உள்ள வேர்ச்சொல் நாஹம். அதன் விசித்திரம் என்னவென்றால், வருந்துவதற்கும் அதே வேர், ஆறுதலுக்கும் அதே வேர். கனமாக ஒரு பெருமூச்சு விடுவதுதான் ஆதிப்பொருள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நமக்கும் அப்படித்தானே? துக்கத்திலும் பெருமூச்சு, துக்கம் கொஞ்சம் இறங்கும்போதும் பெருமூச்சு. நாகூம், நெகேமியா என்ற பெயர்களுக்குள் இருப்பதும் இந்த வேர்தான். இன்னும் நெருக்கமாகப் பார்த்தால், ஆறாம் அதிகாரத்துக்கு முந்தின அதிகாரத்தின் கடைசியில் லாமேக்கு தன் பிள்ளைக்கு நோவா என்று பேர் வைக்கிறான். இவன் நம்மைத் தேற்றுவான் என்று காரணமும் சொல்கிறான். தேற்றுவது, நாஹம். ஒன்பது வசனம் தள்ளிக் கடவுள் வருந்துவதும் நாஹம். எழுதியவர் தெரிந்தேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒரு தகப்பன் ஆறுதலை எதிர்பார்த்துப் பிள்ளைக்குப் பேர் வைக்கிறான். அந்த ஆறுதலின் சொல்லையே எழுதியவர் எடுத்துக் கடவுளின் துக்கத்துக்கும் வைக்கிறார்.

1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள், பாவி மனந்திரும்புவதற்கும் கடவுள் வருந்துவதற்கும் ஒரே வினைச்சொல்லைப் போட்டது. எபிரேயத்தில் பாவி திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வேறு சொல்: ஷூவ், நடந்த வழியை விட்டுத் திரும்புதல். தமிழ் பைபிள் இங்கே நமக்கு நல்லது செய்திருக்கிறது. மனந்திரும்புதல் ஒன்று, மனஸ்தாபம் இன்னொன்று. சாம்பலில் உட்கார்ந்த யோபுக்கும் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்க ஓடின யூதாசுக்கும்கூட மனஸ்தாபம் என்ற சொல் வருவதால் இதை விதி என்று சொல்லமாட்டேன். ஆனால் கடவுள் மனந்திரும்பினார் என்று தமிழில் வாசித்து வளராதது ஒரு பாக்கியம்தான்.

இந்தக் கேள்விக்கு வேதத்தில் மிகச் சிக்கலான இடம் எது என்று கேட்டால், நோவாவைவிட 1 சாமுவேல் 15 என்பேன். (பழைய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு 1719இல் தரங்கம்பாடியில் இறந்தபோது ரூத் வரைக்கும் வந்திருந்தார். அதற்கு அடுத்த புத்தகம் சாமுவேல். நோவா காலத்து வருத்தத்தைத் தமிழில் எழுதிய கை, சவுல் காலத்து வருத்தத்தை எட்டவில்லை என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.)

அந்த அதிகாரத்தில் 35 வசனங்கள். பதினோராவது வசனத்தில், சவுலை ராஜாவாக்கியது தமக்கு மனஸ்தாபமாக இருக்கிறது என்று கடவுளே சொல்கிறார். அதைக் கேட்ட சாமுவேல் தீர்க்கதரிசி ராமுழுக்கக் கடவுளை நோக்கிக் கூப்பிடுகிறார். விடிந்ததும் சவுலைத் தேடிப் போகிறார். வாக்குவாதம். சாமுவேல் திரும்பிப் போகப் புறப்படும்போது சவுல் அவர் அங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுக்க, அது கிழிந்துவிடுகிறது. கிழிந்த துணி கையில் இருக்க, சாமுவேல் சொல்கிறார்: இப்படித்தான் ராஜ்யம் உன்னிடமிருந்து கிழிக்கப்பட்டது. கூடவே, 29ஆம் வசனத்தில், கடவுள் மனஸ்தாபப்பட அவர் மனிதன் இல்லை என்றும் சொல்கிறார். சரி, கேள்வி தீர்ந்தது என்று மூச்சுவிட்டால், 35ஆம் வசனம் சவுலை ராஜாவாக்கியதற்காகக் கடவுள் மனஸ்தாபப்பட்டார் என்று சொல்லி அதிகாரத்தையே முடிக்கிறது. மூன்று இடத்திலும் அதே நாஹம்.

எழுதியவர் மறந்துபோய் முரண்பட்டார் என்று நான் நம்பவில்லை. ஒரே பக்கத்தில் அப்படி மறக்கமாட்டார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தீர்ப்புக்குக் காரணம் சவுல் கீழ்ப்படியாத ஒரு கட்டளை, அமலேக்கியரைப் பிள்ளைகுட்டிகளோடு அழிக்கச் சொன்ன கட்டளை. அது இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே மறைத்துவிட்டுப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாமுவேல் மறுத்தது எதை? சவுல் காலில் விழுந்தால் தீர்ப்பு மாறும், இன்னொருவர் கெஞ்சினால் திரும்பவும் மாறும் என்ற மாதிரியான மன மாற்றத்தை. 35ஆம் வசனம் சொல்வது, மாறாத அந்தத் தீர்ப்பைச் சொன்னவருக்கு வலித்தது என்பதை. முடிவு முடிவுதான், வலியும் வலிதான். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியுமா?

முடியும். நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி, அத்தையின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த நகையை எடுத்து அடகு வைத்துப் பணத்தைத் தொலைத்துவிட்டார். முதல் தடவை இல்லை அது. தாத்தா அவரை முன்வாசலில் நிறுத்தி, “இனி இந்தப் படி ஏறாத” என்றார். ஆச்சி அழுதாள், போதகர் வந்து பேசினார், அத்தையே வந்து “போவுதுப்பா, விடுங்க” என்றாள். தாத்தா அசையவில்லை. கடைசி வரைக்கும் அந்த வார்த்தையை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.

ஆனால் பின்கட்டு விறகுக் கொட்டகையில் சித்தப்பாவின் சைக்கிள் நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தாத்தா அதை வெளியே எடுப்பார். பழைய பனியன் துணியால் ரிம்மைத் துடைப்பார். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றுவார், ‘டிக் டிக் டிக்’ என்று. பிறகு கைப்பம்பை மாட்டிக் காற்று அடிப்பார். எழுபது வயசுக்கு அது லேசான வேலை இல்லை. நாலு அடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். வால்டியூப் பழசு. அடுத்த சனிக்கிழமைக்குள் காற்று இறங்கியிருக்கும். திரும்ப அடிப்பார். அதை யாரும் ஓட்டக் கூடாது. நான் ஒரு தடவை கேட்டதற்கு, “அது ஆளோட வண்டில” என்றார். அந்த ஆளின் பேரைக்கூடச் சொல்லவில்லை.

தாம் செய்தது தப்பு என்று தாத்தா ஒரு நாளும் நினைத்ததாக எனக்குத் தெரியாது. எனக்கும் அது தப்பாகப் படவில்லை. சித்தப்பாவைப் பெற்றது தப்பு என்றும் அவர் நினைத்திருக்கமாட்டார். பிறகு அந்தக் கொட்டகையில் நடந்ததற்கு என்ன பேர்? மனஸ்தாபம் என்பதைவிடப் பொருத்தமான சொல் என்னிடம் இல்லை. வருத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டைப் போட்டுக் குழப்புகிறோம். தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமே என்ற நினைப்பு ஒன்று. பிடித்திருக்கிற உறவு சுடுகிற வலி இன்னொன்று. குறையில்லாதவருக்கு முதலாவது வராது; இதில் நான் பிலோவோடு நிற்கிறேன். இரண்டாவது வராது என்று ஏன் சொல்ல வேண்டும்? யார் என்ன ஆனாலும் சுடாத நெஞ்சை நாம் மனிதர்களிடத்தில் நிறைவு என்று சொல்வதில்லை. கல் நெஞ்சு என்கிறோம்.

சரி, வரப்போவது தெரிந்திருந்தால்? இதே கேள்வியை ஒருவர் பழைய காலத்து யூத ரபி யோசுவா பென் கொர்காவிடம் போய்க் கேட்டதாக ஒரு கதை. ஆதியாகமத்துக்கான பழைய விளக்க நூலில் வருகிறது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியும் தன் உரையில் இந்த வசனத்துக்கு அதையே எடுத்து வைத்தார். கடவுளுக்கு வருங்காலம் தெரியும் என்கிறீர்களே, பிறகு ஏன் உள்ளம் நொந்தார் என்று வந்தவர் கேட்கிறார். ரபி திருப்பிக் கேட்கிறார்: உனக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறதா? பிறந்திருக்கிறது. அன்றைக்கு என்ன செய்தாய்? சந்தோஷப்பட்டேன், எல்லாரையும் சந்தோஷப்படுத்தினேன். அவன் ஒரு நாள் சாவான் என்று உனக்குத் தெரியாதா? சந்தோஷப்படுகிற நேரத்தில் சந்தோஷம், துக்கப்படுகிற நேரத்தில் துக்கம் என்கிறார் வந்தவர். கடவுளுக்கும் அப்படித்தான் என்று முடிக்கிறார் ரபி.

இந்தக் கதையை முதன்முதலில் வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தெரிந்திருப்பதால் வலி குறையும் என்று எந்த அடிப்படையில் நம்பினேன்? பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நாள் குறித்துச் சொல்லிவிட்ட பிறகும், அந்த நாள் வரும்போது யாரும் அழாமல் இருப்பதில்லை. தெரிந்தே பெறுகிறோம், தெரிந்தே வளர்க்கிறோம். தெரிந்தே படைத்தவருக்கு வலித்தது என்றால், அவர் கணக்கில் பிழை இருந்தது என்று அதற்குப் பொருளாகாது. எங்கோ எட்ட நின்று படைக்கவில்லை என்று பொருள்.

ஓசியா தீர்க்கதரிசி இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறார். பதினோராம் அதிகாரத்தில் கடவுள், நடைபழக்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெற்றவரைப் போலப் பேசுகிறார். பிள்ளை ஓடிவிட்டது. தண்டிக்க வேண்டும். முடியவில்லை. உள்ளம் புரள்கிறது, இரக்கம் பொங்குகிறது. அங்கேயும் நாஹம் என்ற வேர்தான். அழிக்கமாட்டேன் என்று சொல்லிக் காரணமும் தருகிறார்: நான் கடவுள், மனிதன் இல்லை. சாமுவேல் சொன்ன அதே காரணம். அங்கே, மனிதன் இல்லாததால் தீர்ப்பைத் திரும்ப எடுக்கமாட்டார். இங்கே, மனிதன் இல்லாததால் கைவிடமாட்டார். கடவுள் மனிதன் இல்லை என்றால் மனிதனைவிடக் குறைவாக உணர்கிறவர் என்று பிலோ எடுத்துக்கொண்டார். ஓசியாவின் கடவுளோ நம்மைவிட அதிகமாக உணர்கிறவர். வார்சாவில் 1907இல் பிறந்து, குடும்பத்தில் பலரை நாஜிகள் காலத்தில் இழந்த ஆபிரகாம் யோசுவா ஹெஷெல், தீர்க்கதரிசிகளைப் பற்றி 1962இல் எழுதிய பெரிய நூலின் மையமே இதுதான். கடவுளுக்கு மனிதர்கள்மேல் அக்கறை உண்டு, நாம் செய்வது அவரைப் பாதிக்கிறது.

யோனா தீர்க்கதரிசி நினிவே ஊருக்குக் கொண்டுபோன எச்சரிக்கைக்கு நாற்பது நாள் கெடு. ஊரே திருந்தியதும் கடவுள் மனஸ்தாபப்பட்டு, சொன்ன தீங்கைச் செய்யவில்லை. அதற்காக யோனா கோபித்துக்கொண்டு உட்காருகிறார். அந்தப் புத்தகம் கடவுளின் கேள்வியோடு முடிகிறது: வலது கை, இடது கை வித்தியாசம் தெரியாத 1,20,000க்கும் அதிகமான பேரும் ஏராளமான மிருகங்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்கக் கூடாதா? மிருகங்களையும் எண்ணிச் சொன்னதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் நோவா காலத்தில் மிருகங்களும் மூழ்கினவே. ஆமாம். வெள்ளத்தில் போனவர்களுக்கு, மேலே ஒருவர் வருந்தினார் என்பது என்ன ஆறுதல்? இதற்கு வாயடைக்கிற பதில் என்னிடம் இல்லை. வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வசனங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் முடிகிறது. ஆறாம் அதிகாரத்தில், மனித இருதயத்தின் நினைவு எப்போதும் பொல்லாததாக இருக்கிறது என்பது வெள்ளம் வரக் காரணம். எட்டாம் அதிகாரத்தில் தண்ணீர் வற்றிய பிறகு, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்கிறார் கடவுள்; அங்கேயும் மனித இருதயம் சிறுவயது முதல் பொல்லாதது என்பதே பேச்சு. மனிதர்கள் திருந்தவில்லை. இனிமேல் அவர்களை அப்படியே தாங்கிக்கொள்வது என்று அவர் முடிவெடுக்கிறார். பிறகு மேகத்தில் வில்லை வைக்கிறார். எபிரேயத்தில் போர் வில்லுக்கும் வானவில்லுக்கும் ஒரே சொல். தமிழிலும் வில்தான், வேறு சொல் தேட வேண்டியதில்லை. அந்த வில் யாருக்கு அடையாளம்? நாம் பார்த்துச் சந்தோஷப்பட என்றே ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்பதாம் அதிகாரத்தில் கடவுள், தாம் அதைப் பார்த்துத் தம் உடன்படிக்கையை நினைத்துக்கொள்வேன் என்கிறார். எதையும் மறக்காதவர், நினைத்துக்கொள்ளத் தமக்கே ஒரு அடையாளம் வைத்துக்கொள்கிறார்.

தாத்தாவுக்கு எதுவும் மறந்துபோகவில்லை. எண்பத்தி ஒன்றாம் வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார். முன்வாசல் படிக்கு வெளியே, பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டார். அத்தைதான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் வந்தோம். பின்கட்டில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது சித்தப்பா கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளே சைக்கிள் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

காற்று இருந்தது.